கொடுத்த பிறகு விலகி நிற்றல்

ஒரு நாட்டில் வாழும் தனிமனிதர், முன்பின் பார்த்திராத வேறொரு நாட்டு மனிதருக்குச் சிறு தொகை கொடுத்து உதவும் வழக்கம் அரசுகள் செய்யும் வளர்ச்சி உதவியிலிருந்து வேறுபட்டது. அரசுப் பணம் அணைக்கும் சாலைக்கும் தடுப்பூசிக்கும் போகிறது. இந்தப் பணம் ஒரு வீட்டுக்குப் போகிறது. அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அறியக் கொடுப்பவர் ஆசைப்படுகிறார். இவ்வகை உதவி வளர்ந்ததற்கு அந்த ஆசையே காரணம். அதன் சிக்கல்கள் பலவும் அங்கிருந்தே பிறந்தன.

இதன் பழைய வடிவம் குழந்தை ஆதரவுத் திட்டம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் நிர்க்கதியான குழந்தைகளுக்காக, பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜான் லாங்டன்-டேவிஸ் 1937இல் தொடங்கிய அமைப்பு இன்று 'பிளான்' என்ற பெயரில் உலகெங்கும் இயங்குகிறது. ஒரு குழந்தைக்கு ஓர் ஆதரவாளர், இருவருக்கும் இடையே கடிதம், புகைப்படம் என்பதே இதன் அமைப்பு. இதனால் பலன் உண்டு. இந்தியா உள்பட ஆறு நாடுகளில் ஒரு பெரிய ஆதரவுத் திட்டத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வின்படி, ஆதரவு பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்தனர். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. தன் வறுமையைப் படமாகக் காட்டி, நன்றிக் கடிதம் எழுத வேண்டிய பொறுப்பு குழந்தையின் தலையில் விழுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏன் யாரும் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு எந்தப் பெற்றோரிடமும் பதில் இல்லை. இதனால் பல அமைப்புகள் ஆதரவுப் பணத்தை ஊர் முழுமைக்குமான பணிகளில் செலவிடத் தொடங்கின.

2005இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'கிவா' என்ற அமைப்பு இதே உறவைக் கடனாக மாற்றியது. இணையத்தில் உகாண்டாவின் மீன் வியாபாரியையோ பெருவின் நெசவாளரையோ பார்த்து, யார் வேண்டுமானாலும் 25 டாலர் வட்டியில்லாமல் கொடுக்கலாம். திரும்பி வரும் பணத்தை இன்னொருவருக்குத் தரலாம். ஆனால் இடையில் நின்று கடன் தரும் அந்தந்த ஊர் நுண்கடன் நிறுவனம் கடன் வாங்கியவரிடம் பெரும்பாலும் வட்டி வசூலிக்கும். 2009இல் பொருளியல் ஆய்வாளர் டேவிட் ரூட்மன் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்: படத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் கடன் முன்பே கொடுக்கப்பட்டுவிடுகிறது, இணையத்தில் திரளும் பணம் அந்த நிறுவனத்தின் கைக்குத்தான் போகிறது. அந்தப் பணத்தாலும் நன்மை உண்டு. ஆனால் கொடுப்பவர் நம்பிய நேரடி உறவு அங்கே இல்லை. கிவா பிறகு தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது.

உண்மையிலேயே நேரடியாகக் கொடுக்க வழி திறந்தது கென்யாவில். 2007இல் சஃபாரிகாம் நிறுவனம் 'எம்-பெசா' சேவையைக் கொண்டுவந்த பிறகு, வங்கிக் கணக்கு இல்லாதவரும் கைபேசியில் பணம் பெற்று, தெருமுனைக் கடையில் ரொக்கமாக மாற்றிக்கொள்ள முடிந்தது. இதை நம்பி, பொருளியல் படித்த இளைஞர்கள் சிலர் 'கிவ்டைரக்ட்லி' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் புல் கூரை வேய்ந்த வீடுகளைத் தேடிப் போய்ப் பதிவு செய்து, ஏறத்தாழ ஆயிரம் டாலரைத் தவணைகளில் அனுப்பினார்கள். கடன் இல்லை, நிபந்தனை இல்லை, எதற்குச் செலவிட்டாய் என்று கணக்கும் இல்லை.

மேற்குக் கென்யாவின் சியாயா பகுதியில் பலர் அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது கூரைத் தகரம். வெளியிலிருந்து பார்த்தால் இது ஆடம்பரமாகத் தோன்றலாம். புல் கூரை மழைக்கு ஒழுகும். அடிக்கடி புல் தேடி, காசு கொடுத்து, மறுபடி வேய வேண்டும். தகரம் போட்டால் பல ஆண்டுகளுக்கு அந்தச் செலவு மிச்சம். கூரையிலிருந்து வடியும் மழைநீரையும் பிடித்து வைக்கலாம். இன்னொரு வீட்டார் மாடு வாங்கினார்கள், வேறொரு வீட்டார் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். எந்த வீட்டுக்கு எது முதல் தேவை என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். பணத்தைக் குடித்துத் தீர்ப்பார்கள் என்ற அச்சமும் பொய்த்தது: 2016இல் வெளியான ஆய்வில் உணவும் உடைமையும் கூடியிருந்தன, மதுவுக்கும் புகையிலைக்குமான செலவு கூடவில்லை. 653 கிராமங்களில் நடந்த இன்னோர் ஆய்வு, கொடுத்த ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குச் செயல்பட்டதாகக் கணக்கிட்டது. தகரம் விற்றவரும் கொத்தனாரும் அதில் பங்கு பெற்றார்கள்.

குறைகளும் வெளிப்பட்டன. பணம் கிடைக்காத அண்டை வீட்டாரின் மனநிறைவு குறைந்தது. அதனால் பிற்பாடு பல இடங்களில் கிராமம் முழுவதற்கும் கொடுக்கும் முறை வந்தது. ஹோமா பே பகுதியில் பலர் பணத்தையே மறுத்தார்கள். காரணமில்லாமல் வரும் பணத்தின் பின்னால் சாத்தான் வழிபாடு இருக்கிறது என்ற வதந்தி பரவியிருந்தது. முகம் தெரியாதவர் தரும் கொடைக்கு நம்பிக்கையை முதலில் ஈட்டியாக வேண்டும் என்பதை அது காட்டியது. ஒரு குடும்பத்தின் கைக்கு வரும் பணம் மருத்துவமனையையோ குடிநீர்க் குழாயையோ கட்டித் தராது. அவற்றுக்கு அரசும் பொது நிதியும் தேவை.

உலகில் மனிதருக்கு மனிதர் கொடுப்பதில் மிகப் பெரியது, வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணம். ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு 2023இல் அப்படிப் போனது 600 பில்லியன் டாலருக்கும் மேல் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. அரசுகள் தரும் வளர்ச்சி உதவியைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இப்படி வந்த பணத்தால்தான். அனுப்புகிறவர் ஆலோசனை சொல்வார், கோபித்தும்கொள்வார். ஆனாலும் அரிசியா, மருந்தா, பள்ளிக் கட்டணமா என்பதை அன்றன்று முடிவு செய்வது வீட்டிலிருப்பவர்.

முன்பின் அறியாதவருக்குக் கொடுக்கும்போது, முடிவு செய்யும் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பது கடினம். முகத்தைப் பார்க்க விரும்புவதில் தவறில்லை. ஆனால் பெறுபவர் தன் முகத்தைக் காட்டித்தான் உதவி பெற வேண்டும் என்றாகும்போது கொடை பேரமாகிவிடுகிறது. பணம் எந்த வழியில் போகிறது என்ற உண்மையைக் கொடுப்பவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது இடையிலிருக்கும் அமைப்பு. பெறுபவரிடம் கேட்க வேண்டியது எதுவுமில்லை, நன்றி உள்பட.