யாருடைய செலவில்?

உங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் உங்களுக்குத் தேவையற்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் விலையையும் நீங்களே செலுத்தியிருக்கிறீர்கள். இது அநீதியா?

ஐக்கிய அமெரிக்காவில் செவிப்புலனற்றோருக்காக, பேச்சை எழுத்தாகத் திரையிற் காட்டும் ஏற்பாடு 1980இல் ஆரம்பமாயிற்று. ஒளிபரப்பிலே மறைந்து வரும் அவ்வெழுத்துக்களை வெளிக்கொணரத் தனியாக ஒரு கருவி வேண்டும். அன்று அதன் விலை 250 டொலர். மற்றவர்கள் மேலதிகச் செலவின்றிக் கேட்டதை வாசிப்பதற்கு, கேட்க இயலாதவர் பணங் கொடுத்தார். கருவியை வாங்கியோர் சிலரே. ஆகவே எழுத்துச் சேர்த்த நிகழ்ச்சிகளும் சிலவே. நிகழ்ச்சிகள் குறைவாயிருந்தமையால் கருவியை வாங்கவும் பலர் தயங்கினர். இவ்வட்டத்தை உடைத்தது தருமசிந்தை அன்று, சட்டம். 1993 ஜூலை முதல் 13 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள திரையுடைய பெட்டி ஒவ்வொன்றிலும் அதற்குரிய மின்சுற்று உள்ளேயே அமைந்திருக்க வேண்டுமென 1990இல் சட்டமியற்றப்பட்டது.

சிலருடைய தேவைக்கு எல்லோரும் ஏன் செலுத்த வேண்டும் என்று கேட்போருக்கு வழக்கமாக ஒரு பதில் சொல்லப்படுகிறது. இரைச்சல் மிகுந்த உணவுச்சாலையிலும் விமான நிலையத்திலும் இருப்போர் அந்த எழுத்துக்களையே வாசிக்கின்றனர். குடியேறி வந்தோர் அவற்றால் ஆங்கிலம் பயில்கின்றனர். எனவே எல்லோருக்கும் இலாபமே என்பர்.

உண்மைதான். ஆயினும் இப்பதில் என் மனதை நெருடுகிறது. நமக்கும் பயன் கிட்டுவதாற்றான் செவிப்புலனற்றவருக்கு உரிமையா? நமக்குப் பயனில்லையேல் அவருடைய உரிமை அற்றுப்போகுமா? கொடுத்த விலைக்கு ஈடான பொருளைக் கேட்பது பரிமாற்ற நீதி. பொதுவானதை உறுப்பினர் யாவரும் அடையும்படி பகிர்வது பங்கீட்டு நீதி. அரிஸ்டோட்டில் காலந்தொட்டு இவை இரண்டையும் பிரித்தே பேசுவர். வானலை எவருடைய தனிச்சொத்துமன்று. அதிலே வரும் செய்தியை அறிய ஒருவரிடம் மட்டும் தனிக்கட்டணம் கேட்பது சந்தை வழக்காகலாம்; பங்கீடாகாது.

2010இல் அதே நாடு இயற்றிய இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். கண்பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே குன்றிய வறியோருக்குத் தொடர்பாடற் கருவிகள் வழங்க, ஆண்டுதோறும் 1 கோடி டொலர் வரை அது ஒதுக்குகிறது. தொலைபேசி நிறுவனங்கள் செலுத்தும் பொது நிதியத்திலிருந்தே அப்பணம் வருகிறது. திரையின் எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக விரலுக்கு உணர்த்தும் கருவியும் அவற்றுள் ஒன்று. உணவுச்சாலையில் இருப்பவருக்கு அதனால் யாதொரு பயனுமில்லை.