கூண்டில் மூப்படைந்த சிலந்தியும் கொல்லாமை நோன்பும்

ஓர் உயிரைக் காப்பதற்கு வேறு பல உயிர்களை இரையாக்க வேண்டியுள்ளதெனில், காத்தல் அறமா, கைவிடல் அறமா? அமெரிக்க நாட்டில் வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றிலிருந்து இவ்வினா நமக்கு வந்துள்ளது. அந்நாட்டில் டரான்டுலா எனப்படும் பெருஞ்சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்போர் உளர். ஊர் மாறிச் சென்ற அண்டைவீட்டார் விட்டுச்சென்ற சிலந்தி ஒன்று இவர்கள் பொறுப்பில் உள்ளது. அதற்கு மூப்பு வந்துவிட்டது. அதன் உணவோ உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சிகள்.

மெக்சிகோவுக்குரிய செம்முழங்காற் சிலந்தி இது. இதன் பெண் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வதுண்டு. ஆணோ பருவமெய்திய பின் ஓரிரு ஆண்டுகளில் மடியும். பிடித்து விற்போர் பெருகியமையால், இதன் வணிகம் 1985-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சிலந்திக்கு எட்டுக் கால் என்பதோடு நம் பாடநூல்கள் நிறுத்திக்கொள்ளும். அக்கால்களை மடக்கத் தசை உண்டு. நீட்டுவதற்கோ அது உடல்நீரின் அழுத்தத்தையே பெரிதும் நம்பியுள்ளது. ஆதலால் உடலில் நீர் வற்றினாலும் வலிமை குன்றினாலும் கால்கள் உட்புறமாகச் சுருண்டுவிடும். மல்லாந்து கிடக்குமாயின் அது பெரும்பாலும் தோலுரிக்கிறது என்று கொள்க. இறந்ததென எண்ணி எடுத்தெறிதல் கூடாது. நிமிர்ந்த நிலையிலேயே கால்கள் சுருளுமாயின் அதுவே கேட்டின் அறிகுறி. அந்நிலையில் ஆழமற்ற தட்டில் நீர் வைத்து, வாய்ப்புறம் நீரில் படுமாறு மெல்ல இருத்த வேண்டும். மூச்சுறுப்புகள் வயிற்றின் அடியில் இருப்பதால், வாய் நனைவதால் மூச்சு முட்டாது.

நீர் வைப்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஐயமெல்லாம் உணவிலும் முடிவிலும்தான்.

முடிவை முதலில் பார்ப்போம். தேறாது எனத் தெரிந்ததும் சிலந்தியைக் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைத்து உயிர் போக்கும் வழக்கம் அங்கே சிலரிடம் உண்டு. அதைக் கருணை என்பர். அமிர்தசந்திராசாரியார் தமது புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை நேராகவே மறுத்துள்ளார். துன்புறும் உயிரைக் கொன்றால் துன்பம் விரைவில் தீரும் என எண்ணிக் கொல்லலாகாது. பல உயிர்களைக் கொல்லும் விலங்கைக் கொன்றால் பல உயிர் பிழைக்கும் என்று எண்ணியும் கொல்லலாகாது என்பது அவர் கருத்து. சிலந்திக்கு இரண்டும் பொருந்தும். எனவே உறைபனி அறை நமக்கு வழியன்று.

நம்மவரிலேயே சிலர், "உணவை மறுக்கிறதே, அது சல்லேகனை ஏற்றுவிட்டது" என்று நெகிழ்ந்து சொல்வதுண்டு. இதனை நாம் ஒப்புவதற்கில்லை. சல்லேகனை அறிந்து ஏற்கும் நோன்பு. சிலந்தி மனமற்ற நான்கறிவுயிர், நோன்பேற்க இயலாது. அது உண்ணாமைக்குத் தோலுரிக்கும் காலம் நெருங்கியமையோ மூப்போ காரணமாகலாம். நம் சோம்பலுக்கு முனிவரின் பெருநோன்பைப் போர்வையாக்குதல் தகாது.

உணவே கடினமான வினா. கொல்லாமை அனுவிரதத்திற்குரிய அதிசாரங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என ஐந்தினைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். கண்ணாடிப் பெட்டியே முதல் வழு. கட்டிவைத்த உயிர் தானே இரை தேடிக்கொள்ள இயலாது. உணவு தராவிடில் கடைசி வழுவும் சேரும். தருவோமெனில், சுவர்க்கோழியும் நான்கறிவுயிரே. கடைக்காரர் கொன்று தந்தால் பழி அவரோடு போகும் என்பதும் பொருந்தாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே. வேறொருவரிடம் சிலந்தியைக் கொடுத்தாலும் அங்கும் பூச்சிகள்தாம் மடியும்.

நமக்குத் தோன்றும் வழி இது. வளர்ந்த பெருஞ்சிலந்தி வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கிலும் உண்ணாதிருக்க வல்லது. மூப்பில் பசி மேலும் சுருங்கும். சுவர்க்கோழியின் வாழ்நாளோ சில மாதங்களே. முன்னரே வாங்கிய பூச்சிகள் அவ்வீட்டில் தனிப்பெட்டியில் உள்ளனவாம். அவற்றை நன்கு பேணி, தாமே மடிந்ததை உடனே எடுத்து வைத்தால் சிலந்தி அதனையும் ஏற்கக்கூடும். உயிருள்ள பூச்சியை உள்ளே விடுதல் சிலந்திக்கே தீங்கு. தோலுரிக்கும் வேளையிலும் தளர்ந்த வேளையிலும் பூச்சி அதனைக் கடித்துக் குதறிவிடும். ஏற்காவிடில் இறந்ததை அகற்றிவிட்டு நீரை மட்டும் மாற்றி வைக்க வேண்டும். இதில் வினையே இல்லை என்று நாம் கூறவில்லை; குறைவு என்றே கூறுகிறோம்.

இச்சிலந்திக்குப் பின் இன்னொன்று வேண்டா. கொன்றுண்ணும் உயிர்களை விரும்பி வளர்ப்பதைப் பயனிலாத் தீமையாகிய அனர்த்த தண்டத்துள் வைத்து நம் ஆசாரியர்கள் விலக்கியுள்ளனர். அவ்வீட்டுச் சிறுமிக்குச் சிலந்தியிடம் பேரன்பாம், நல்லதே. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்னும் அம்மையார் 1974-ஆம் ஆண்டு முதல், மண்வளையில் வாழும் சிலந்தி ஒன்றை அதன் இடத்திலேயே விட்டுக் கவனித்து வந்தார். அது 43 ஆண்டுகள் வாழ்ந்து 2016-இல் மறைந்தது. அவர் அதனைப் பெட்டியில் அடைக்கவில்லை.

இன்னும் ஒன்று. சிலந்தி மறைந்த பின்னும் அத்தனிப்பெட்டியில் பூச்சிகள் எஞ்சியிருக்கக்கூடும். அவையும் கட்டுண்ட உயிர்களே. கண்ட இடத்தில் விட்டால் குளிரிலோ பறவை வாயிலோ மடியும். ஆதலின் கேரட் துண்டும் நீர் தோய்ந்த பஞ்சும் நாள்தோறும் வைத்து வர வேண்டும். ஆண் பூச்சிகள் இரவெல்லாம் ஒலியெழுப்பும். வீட்டார் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.