கோட்டை ஏறுகையில் தக்பீர், இறங்குகையில் தஸ்பீஹ்

 

பள்ளி விடுமுறை வந்தால் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிக் குடும்பங்கள் வேன் அமர்த்திக்கொண்டு செஞ்சிக் கோட்டைக்குப் புறப்படுவதுண்டு. போகலாம். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைப் பார்க்கும்படி அல்லாஹ் திருமறையில் பன்முறை ஏவுகிறான். ஆனால் அங்கே எதைப் பார்த்து வருகிறோம்?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை மதில் வளைத்து நிற்கிறது. ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். நாயக்கர் ஆண்டார்கள், பீஜப்பூர் சுல்தான் பிடித்தார். 1677இல் சிவாஜி, நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் ஒளரங்கசீப்பின் படை, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கை மாறிக்கொண்டே இருந்தது. 2025இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. கற்களைக் காக்க உலகமே முன்வருகிறது. கட்டியவர்களைக் காக்க அந்தக் கற்களால் முடியவில்லை. உயர்ந்த கோட்டைக்குள் இருந்தாலும் மரணம் வந்தடையும் என்பது இறைவாக்கல்லவா?

"அத்தா, இதிலே நம்மவங்க யாரு?" என்று பிள்ளை கேட்கும். 1714இல் தேசிங்கு ராஜாவை வென்ற ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் முஸ்லிம். அவர் பெயருள்ள பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. "நாமதான் ஜெயிச்சோம்" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சற்று நில்லுங்கள்! தேசிங்குக்காக உயிர் கொடுத்ததாகக் கதைப்பாடல்கள் போற்றும் தோழர் மகபத்கானும் முஸ்லிம்தான். பீஜப்பூர் சுல்தானும் முஸ்லிம். அந்தப் பீஜப்பூர் அரசை 1686இல் முடித்துவைத்த ஒளரங்கசீப்பும் முஸ்லிம். இதில் எந்தப் பக்கத்தை நம் பக்கம் என்பது?

அவர்கள் சம்பாதித்தது அவர்களுக்கு, நாம் சம்பாதித்தது நமக்கு. அவர்கள் செய்ததைப் பற்றி நம்மிடம் கேள்வி இல்லை என்பதே திருமறையின் போதனை. முன்னோர் பெயரால் பெருமையடிப்பதை நபி (ஸல்) அவர்கள் அறியாமைக்கால வழக்கம் என்று கண்டித்தார்கள். ஆகவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "ஜெயிச்சவரும் மண்ணுக்குள்ளே, தோத்தவரும் மண்ணுக்குள்ளே. நாளைக்கு நம்மகிட்டே கேட்கப்படுறது நம்ம அமல்தாம்மா."

அந்த அமலில் முதல் கேள்வி தொழுகை. செஞ்சி இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல், கஸ்ருக்குரிய தூரம். ஊர் எல்லை தாண்டிய பின் நான்கு ரக்அத் பர்ளுகளை இரண்டாகத் தொழலாம். ஸுப்ஹும் மஃரிபும் சுருங்கா. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகத் தொழவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ இடமுண்டு. ஹனஃபீகள் அந்தந்த வக்தில் தொழுவார்கள். ஒளுவுக்குத் தண்ணீரும் விரிக்கப் பாயும் வேனிலேயே இருக்கட்டும். அல்லாஹ் பாதியாகக் குறைத்துத் தந்த பிறகும், படம் எடுக்க நேரம் இருந்து தொழ நேரமில்லை என்றால், அந்தப் பயணத்தில் லாபம் ஏது?

மேட்டில் ஏறும்போது "அல்லாஹு அக்பர்" என்றும், இறங்கும்போது "ஸுப்ஹானல்லாஹ்" என்றும் சொல்லிவந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ராஜகிரிப் படிகளில் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். நானே பெரியவன் என்று எண்ணி அந்த உச்சியில் இருந்தவர் எத்தனை பேர்! உயரத்தில் நிற்கும்போதே "அல்லாஹ்தான் பெரியவன்" என்று சொல்லப் பழகிய பிள்ளை, நாளை பதவியில் உயர்ந்தாலும் தலைகனம் கொள்ளாது.

வல்ல ரஹ்மான் நம் பயணங்களைப் படிப்பினையாக்கி, நம் சந்ததிகளைத் தொழுகையாளிகளாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.