குளிர்காற்றுக்கும் கணக்கு உண்டு

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. இப்போதெல்லாம் பாங்கு சொன்னதும் மூன்றாவது ஸஃப் நிரம்பிவிடுகிறது, முதல் ஸஃப் காலியாகக் கிடக்கிறது. காரணம் உங்களுக்கே தெரியும். ஏசியின் காற்று மூன்றாவது ஸஃப்பில்தான் இறங்குகிறது. சிரிக்கிறீர்கள். நானும் சுன்னத்தை அங்கேதான் தொழுதேன்.

வெயிலில் குளிர்ச்சியைத் தேடுவது குற்றமில்லை. கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தணிந்த பிறகு தொழும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற செய்தி இது. சூரத்துந் நஹ்லில் நிழலையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாகவே எண்ணிக் காட்டுகிறான். வயதான தாய் தகப்பன், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஏசி ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் சூரத்துத் தகாஸுரின் கடைசி வசனம் என்ன எச்சரிக்கிறது? அனுபவித்த நிஃமத்துகளைப் பற்றி அந்நாளில் விசாரிக்கப்படுவோம் என்று. குளிர்காற்று அதில் சேராதா? விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று சூரத்துல் இஸ்ரா கண்டிக்கிறது. அந்த வசனத்தை நாம் கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

போன வருஷம் நம் பள்ளியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஏசி ஓடுகிறது, குளிரவில்லை. வந்த மெக்கானிக் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பிப் போனார். இரண்டு மாதத்தில் மறுபடி அதே கதை, மறுபடி நிரப்பினோம். மூன்றாவது முறை வேறொரு சகோதரர் வந்து மூடியைத் திறந்தார். ஃபில்டரில் தொழுகை விரிப்பின் பஞ்சு கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. குழாய் இணைப்பில் கசிவும் இருந்தது. அவர் சொன்னார்: “ஹஜ்ரத், வண்டிக்குப் பெட்ரோல் தீர்வது போல இந்த கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.” ஓட்டையை அடைக்காமல் இரண்டு முறை உங்கள் நன்கொடைப் பணத்தைக் காற்றில் விட்டோம். அதில் எனக்கும் பங்கு உண்டு. ரிமோட் என் அறையில்தான் இருந்தது, ஃபில்டரை ஒருநாளும் நான் கழற்றிப் பார்த்ததில்லை.

அமானிதத்தைப் பராமரிக்காமல் விடுவதும் விரயம்தான். ஃபில்டர் அடைத்தால் காற்று வராது, அறை குளிராது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். ஒன்றரை டன் ஏசியில் கம்ப்ரஸர் ஓடும்போது ஏறக்குறைய 1500 வாட் போகிறது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். அதாவது 20 ஃபேன்! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றி வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்திப் போடுங்கள். பத்து நிமிட வேலை. கேஸ் வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள். புதிய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது.

இளைஞர்களுக்கு ஒன்று. 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறீர்கள். சாதாரண ஏசியில் கம்ப்ரஸர் ஓடும் வேகம் ஒன்றுதான், அது நிற்கும் நேரம்தான் தள்ளிப்போகும். 18-ல் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திப் படுப்பது என்ன நியாயம்? ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறார்கள். ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து அரசு விதியே இருக்கிறது. 24-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள், போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் பக்கத்து வீடு. நம் தெருக்கள் குறுகலானவை. உங்கள் அறையின் சூட்டை அள்ளி வெளியே தள்ளுவதுதான் வெளிப்பெட்டியின் வேலை. அந்த அனல் யாருடைய ஜன்னலுக்குள் போகிறது? ஏசி வாங்க வசதியில்லாத ஒரு தாய் அங்கே குழந்தைக்கு விசிறிக்கொண்டிருக்கலாம். தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டாருக்குப் பாதுகாப்புத் தராதவனின் ஈமானைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சத்தியமிட்டு எச்சரித்தார்கள். பெட்டியின் திசையை மாற்றுங்கள், முடியாவிட்டால் மாடிக்கு ஏற்றுங்கள். சொட்டும் தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டு வாளியில் பிடியுங்கள். அது நஜீஸா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இல்லை, காற்றில் இருந்த ஈரம்தான். செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். ஆனால் அடுத்தவர் சுவரில் வழிய விடக்கூடாது.

மீட்டரைத் தொடாமல் கொக்கி போட்டு ஏசி ஓட்டுபவர்களுக்கு நீண்ட பயான் தேவையில்லை. அது திருட்டு. அந்தக் குளிரில் விரித்த முஸல்லாவில் தஹஜ்ஜுத் தொழுதாலும் அது திருட்டுதான்.

ஒரு அறிவிப்பு. தனியாக இருக்கும் முதியவர்கள், கணவரை இழந்த சகோதரிகள் வீடுகளில் ஏசி ஃபில்டரையும் ஃபேன் இறக்கைகளையும் இலவசமாகச் சுத்தம் செய்து தர நம் இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். சகோதரிகள் வீட்டில் மஹ்ரமான ஆண் ஒருவர் இருக்கும் நேரத்தைக் குறிப்பிடுங்கள். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பள்ளியின் ரிமோட் இனி முஅத்தினிடம் இருக்கும். பாங்குக்குப் போட்டு, தொழுகை முடிந்து கால் மணி நேரத்தில் அணைக்கப்படும். ஸஃப்களை முன்னாலிருந்து நிரப்புங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.