ஊற்றுக்குழி கற்பித்த பாடம்

அறியாமல் இழைக்கும் தீங்குக்கு நாம் பொறுப்பாளிகளா? இவ்வினா என் உள்ளத்தில் எழுந்த இடம் தனுஷ்கோடி.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், நண்பர்கள் நால்வர் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் நடந்தே அங்குச் சென்றோம். ஒரு புறம் அமைதியான பெண்கடல். மறுபுறம் சீறும் ஆண்கடல். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த இரயிலும் 100-க்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்த பின்னரும், கடலை நம்பிய மீனவக் குடும்பங்கள் சில ஓலைக் குடிசைகளில் அங்கே வாழ்ந்து வந்தன.

அவர்களிடம் இசைவு பெற்று, கூரையிழந்து நிற்கும் பழைய ஆலயத்திற்குச் சற்றுத் தொலைவில் கூடாரம் அமைத்துத் தங்கினோம். விண்மீன்களையும் அலையோசையையும் வியந்தவாறே இரவு கழிந்தது. விடிந்ததும் அருகிலிருந்த மணற்குழியில் நன்னீர் கண்டோம். முகம் கழுவினோம், பாத்திரங்களைக் கழுவினோம், கால்களில் ஒட்டிய மணலையும் கழுவினோம். குழி வற்றியது.

சற்று நேரத்தில் மூதாட்டி ஒருவர் குடத்தோடு வந்தார். குழியைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "இருக்கட்டும் தம்பி, ஊறிரும்" என்று சொல்லிவிட்டு மணலில் அமர்ந்தார். குடம் நிறைய நெடுநேரம் ஆயிற்று.

பின்னரே அறிந்தேன்: மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட இலேசானதால் அதன்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. மிகுதியாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும். நாங்கள் காலில் ஊற்றியது ஒரு குடும்பத்தின் குடிநீர்.

முழு அறிவும் மனச்சம்மதமும் இல்லையேல் சாவான பாவம் இல்லை என மறைக்கல்வியில் பயின்றோம். உண்மைதான். ஆனால், "இந்நீர் யாருக்குரியது?" என்று கேட்க ஒரு நொடி போதுமே! அதை ஏன் கேட்கவில்லை? அவ்விடத்தை நாங்கள் காட்சியாகவே கண்டோம். ஒருவரது இல்லமாகக் காணவில்லை. அறியாமை மன்னிக்கப்படலாம், அறிய விரும்பாமை அவ்வளவு எளிதில் மன்னிக்கத்தக்கதன்று.

அம்மூதாட்டி கடிந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு மறந்திருப்போம். அவரது பொறுமையோ இன்றும் என்னை உறுத்துகிறது. விருந்தோம்புவோரின் மௌனத்தை அனுமதி என்று கொள்வது எவ்வளவு எளிது!

இன்று அச்சாலையில் வாகனங்களில் வந்து செல்வோர் ஏராளம். எங்குச் சென்றாலும் நாம் நிற்கும் மணலடியில் யாரோ ஒருவரின் குடிநீர் இருக்கலாம். கேட்டபின் கைவைப்போம்.