பக்கக் கண்ணாடியில் ஒரு வெளிச்சம்

மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பின்னால் வரும் வண்டிக்கு வழிவிடத்தான் அது இருக்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு என்பதை ஆல்ப்ஸ் மலையில்தான் கற்றுக்கொண்டேன்.

நானும் என் பள்ளிக்கால நண்பனும் ஆளுக்கொரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு ஜூலை மாதம் அந்த மலைகளைச் சுற்றினோம். இத்தாலியின் வடக்கே ஸ்டெல்வியோ என்றொரு கணவாய். உயரம் 2,757 மீட்டர். லொம்பார்டியையும் டிரோலையும் இணைக்க ஆஸ்திரியப் பேரரசு 1820 முதல் 1825 வரை போட்ட சாலை அது. அதை வகுத்தவர் கார்லோ தொனெகானி என்ற பொறியாளர். குதிரை வண்டிகளுக்காகப் போட்ட பாதையில்தான் இன்று மோட்டார் சைக்கிள்கள் ஏறுகின்றன. பிராட் என்ற ஊரின் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் உண்டு. அடிவாரத்தில் 48. ஏற ஏற 47, 46 என்று குறைந்துகொண்டே வரும். உச்சியை எட்டும்போது ஒன்று.

அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். அதனால் வலது கைப்பக்கம் திரும்பும் வளைவுகள்தான் ரொம்பக் குறுகல். கியரைக் குறைத்து, வேகத்தை அடக்கி, தலையை நன்றாகத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். பார்வை எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு, பாதையைப் பார்த்தால் பாதைக்கு. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

அந்தப் பாடம் எனக்கு அன்று நன்றாகப் படிந்துவிட்டது. 40, 39, 38... ஒவ்வொரு வளைவும் முந்தையதைவிட அழகாக வந்தது. மரங்களின் இடைவெளியில் பனி மூடிய ஓர்ட்லர் சிகரம் தெரிந்து மறைந்தது. அடுத்த வளைவு, அடுத்த வளைவு என்று மனம் முன்னாலேயே ஓடியது. 31 என்ற எண்ணைத் தாண்டியபோதுதான் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் சாலை. என் நண்பனின் ஹெட்லைட் இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். மரங்கள் மறைத்ததால் கீழே சாலை தெரியவில்லை. சூடான என்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கடைசியாக அவனை எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அதுதான் நெஞ்சைச் சுட்டது.

திரும்பிப் போகலாம் என்று சாவியைத் திருகும்போது, கீழ் வளைவில் அந்த வெளிச்சம் வந்தது. வலப்பக்க வளைவு ஒன்றில் மேலிருந்து பஸ் இறங்கியிருக்கிறது. அவன் வேகத்தைக் குறைக்க, என்ஜின் நின்று, பெட்டிகளோடு அவன் வண்டி அப்படியே உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவனுக்கு அடி இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் தங்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு வந்து தூக்கிவிட்டிருக்கிறார்கள். நான் தூக்கியிருக்க வேண்டிய வண்டி அது.

அவன் கோபப்படவில்லை. கையுறையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "போலாமா?" என்றான். அவ்வளவுதான். "நீ முன்னால போடா" என்றேன்.

பின்னால் போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு வளைவு முடிந்து அடுத்த வளைவு வருவதற்குள் கொஞ்ச தூரம் நேர்பாதை வரும். அங்கே ஒவ்வொரு முறையும் அவன் ஹெல்மெட் லேசாக ஒரு பக்கம் அசைந்தது. கண்ணாடியில் என்னைத் தேடினான். நான் இருக்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வளைவுக்குள் நுழைந்தான். ஒன்று என்ற எண் வரும்வரை ஒருமுறைகூடத் தவறவில்லை.

சேர்ந்து பயணம் போகிற மோட்டார் சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாலை பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை முன்னால் போகிறவர் காத்திருப்பார். மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். ஹெல்மெட்டுக்குள் இருப்பவர்கள் நாள் முழுக்கப் பேசிக்கொள்வது அரிது. கண்ணாடியில் தெரியும் அந்த வெளிச்சம்தான் அவர்களுக்குள் நடக்கும் பேச்சு.

இந்த அக்கறை அந்த மலைகளுக்குப் புதிதல்ல. சில நாள் கழித்து, சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் சந்திக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய்க்குப் போனோம். 2,469 மீட்டர் உயரத்தில் துறவிகளின் விடுதி ஒன்று. 11ஆம் நூற்றாண்டில் புனித பெர்னார்ட் நிறுவியது. பனியிலும் மூடுபனியிலும் வழி தவறியவர்களைத் தேடி அந்தத் துறவிகள் நாய்களோடு வெளியே போனார்கள். செயின்ட் பெர்னார்ட் நாய் என்று உலகம் அறிந்த இனம் அங்கே வளர்ந்ததுதான். வெதுவெதுப்பான அறைக்குள் இருந்துகொண்டே, இன்னும் வந்து சேராதவரை நினைத்தவர்கள் அவர்கள். அந்த வாசலில் நின்றபோது என் நண்பனுக்காகக் காத்திருந்த பத்து நிமிடம்தான் நினைவுக்கு வந்தது.

அன்பு நேயர்களே, முன்னால் பார்க்காமல் மலை ஏற முடியாது. வளைவுக்குள் இருக்கும்போது கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. பரீட்சை, பிரசவம், கடன், வேலை மாற்றம் என்று நமக்கும் அப்படிப்பட்ட வளைவுகள் வரும். அப்போது முழுக் கவனமும் அதில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் கொஞ்சம் நேர்பாதை எப்போதும் உண்டு. பின்னால் வருகிறவரைத் தேட அந்த நேரம் போதும். நடை தளர்ந்த அப்பா, பேச்சைக் குறைத்துக்கொண்ட மனைவி, நாம் மேலே வந்துவிட்ட பிறகும் அதே இடத்தில் நிற்கும் பழைய நண்பன் என்று யாராவது ஒருவர் பின்னால் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

அவரைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று இன்று காலை யோசித்துப் பார்ப்போம். நினைவுக்கு வரவில்லை என்றால், வண்டியை ஓரமாக நிறுத்துவோம்.