மானமும் பட்டும்

உழைப்பவன் வெள்ளைச் சட்டை அணிந்தால், "இவனுக்கேன் இந்த ஆடம்பரம்?" என்று கேட்போர் இன்றும் உளர். பழைய கேள்விதான்! நம் வடகரைக்கு அருகே இருக்கும் செங்கோட்டை, திருவிதாங்கூரோடு இருந்து 1956இல் தமிழகத்தில் இணைந்த ஊர். அந்தத் திருவிதாங்கூரின் மன்னர் 1859இல், தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின், நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று ஆணையிட்டார். உயர்சாதிப் பெண்டிரைப் போல் மட்டும் அணியலாகாதாம்! மானத்திற்கும் முழக்கோல் பிடித்த ஆணை.

ஆகவே, நன்றாக உடுத்துவதை வீண்செலவென்று நாம் கூறமாட்டோம். ஆனால், வட்டிக்குக் கடன் வாங்கித் திருமணத்திற்குப் பட்டெடுக்கிறோம்; மறுநாளே அதைப் பெட்டியில் பூட்டுகிறோம்; கந்தலைக் கட்டிக்கொண்டு ஆண்டெல்லாம் வட்டி செலுத்துகிறோம். இது நம் மானத்திற்காகவா, ஊரார் கண்ணுக்காகவா? வெளுத்த கைத்தறி வேட்டி இரண்டு, சட்டை இரண்டு எடுத்தால், பிள்ளைக்குப் புத்தகம் வாங்கலாம். மளிகைக்கடைப் பாக்கியும் தீரும்.